விழுந்து எழுவதும் பெரிதாக ஆசைப்படுவதும்: மும்பையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

மும்பையில் பெருமழை பெய்து லோக்கல் ரயில் நின்றுபோனால், மறுநாள் தவறாமல் ஒரு பாராட்டு காதில் விழும்: ‘மும்பை ஸ்பிரிட்’. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நடந்துதான் மக்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்து டீ கொடுத்து, படுக்க இடமும் கொடுத்தார்கள். அந்த அன்பு உண்மையானது. அதை ஒரு துளியும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தண்ணீர் வடிந்ததும் வேலைக்குக் கிளம்பிய தினக்கூலிக்காரரைப் பார்த்து, “என்ன மன உறுதி!” என்று வியக்கும்போது ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அன்றைக்கு அவர் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. வேறு வழி இல்லாததால் போனார்.

வேறு வழியில்லாமல் தாங்கிக்கொள்வது ஒரு நிலை. அடி வாங்கிய பிறகு நிமிர்ந்து, மறுபடி தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிற இடத்துக்கு வந்து, அங்கிருந்து இன்னும் மேலே போகவும் முடிவது இன்னொரு நிலை. உளவியலில் மீள்திறன் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டால், கஷ்டப்படுகிறவரிடம் “நீ தைரியமானவள், தாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். அது அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

சரி, மீள்திறன் எங்கிருந்து வருகிறது? சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், சிலருக்கு இருக்காது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் நடந்த நீண்ட ஆய்வு இதற்கு வேறு பதில் சொல்கிறது. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு பெண்களும் அவர்களின் குழுவும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்த பிள்ளைகள் அதில் நிறைய. வறுமை, பிரசவச் சிக்கல், வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று நான்கோ அதற்கு மேலோ சேர்ந்துகொண்ட குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினார்கள். மீதி ஒரு பங்கினர் நன்றாக வளர்ந்தார்கள்: வேலை, குடும்பம், பிறர் மேல் அக்கறை எல்லாவற்றோடும்.

அந்த ஒரு பங்கினரிடம் என்ன இருந்தது? எளிதில் பழகும் சுபாவம் ஓரளவு உதவியது. அதைவிட முக்கியமானது, சிறு வயதிலிருந்தே அவர்களோடு உறுதியாக நின்ற ஒரு பெரியவராவது இருந்தது. அது அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு டீச்சர் என்று யாரோ ஒருவர். அப்புறம், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல அவர்களை நம்பி ஒப்படைத்த பொறுப்பு ஒன்று இருந்தது. நான் செய்வதால் ஏதோ மாறுகிறது என்ற நம்பிக்கை அதிலிருந்து வளர்ந்தது.

இந்த ஆய்வில் பலரும் கவனிக்காத இன்னொரு பகுதி உண்டு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். பதினெட்டு வயதில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முப்பதுகளில் மீண்டிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பாக வந்தவை சாதாரண விஷயங்கள்: பெரியவர்களும் சேரக்கூடிய கல்லூரி, ராணுவ வேலை, நல்ல துணை, ஒரு வழிபாட்டுச் சமூகம். அதாவது கதவு பதினெட்டில் மூடிவிடுவதில்லை. மீள்திறன் அபூர்வமான வரம் எதுவும் இல்லை, உறவும் பள்ளியும் அக்கம்பக்கமும் சரியாக இயங்கினால் தானாக உருவாவது என்று 2001-ல் உளவியலாளர் ஆன் மாஸ்டன் எழுதியதும் இந்த வழியில்தான்.

இதைத் தாராவிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா விடியற்காலையில் இட்லி அவித்து, சைக்கிளில் பாத்திரம் கட்டி, ஹார்ன் அடித்துக்கொண்டு நகரத்துத் தெருக்களில் விற்பவர். தாராவியிலிருந்து இப்படிக் கிளம்பும் தமிழர்களை மும்பையில் எல்லோருக்கும் தெரியும். மகள் பத்தாவது படிக்கிறாள். ஆசை என்ன என்று கேட்டால் “கலெக்டர்” என்கிறாள். ஒருநாள் அப்பா வண்டியில் அடிபட்டுக் கால் உடைந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் மீள்திறன் எங்கே இருக்கிறது?

அவள் நெஞ்சுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. “நீ சாயங்காலம் எங்க வீட்டுல வந்து உட்கார்ந்து படிடி” என்று சொல்லும் எதிர்வீட்டு அக்காவிடம் கொஞ்சம் இருக்கிறது. அப்பாவின் வழித்தடத்தில் இரண்டு மாதம் தானும் சேர்த்து விற்றுக் காசு கொண்டுவந்து கொடுக்கும் சக இட்லிக்காரரிடம் கொஞ்சம் இருக்கிறது. பள்ளிக்கூடமும் அதில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. மும்பையின் இரவுப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள்: பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் பத்தாவது எழுதலாம். கல்லூரிக்குப் போனால் ஏடிகேடி. இங்கே படித்த எல்லோரும் அறிந்த ஏற்பாடு அது. ஒன்றிரண்டு பாடத்தில் தோற்றாலும் வருடம் போகாமல் அடுத்த ஆண்டுக்குப் போய், விட்ட பாடத்தைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். ‘ஏடிகேடி வாங்கியவன்’ என்று கேலி பேசுவார்கள். நான் அதை மதிக்கிறேன். ஒருமுறை தோற்றவரை வெளியே தள்ளிவிடாமல் உள்ளேயே வைத்திருக்கும் விதி அது. மனிதர்களிடம் மட்டும் மீள்திறனைக் கேட்டால் போதாது, விதிகளிடமும் கேட்க வேண்டும்.

மனசுக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்த இடத்திலும் முயலாமல் படுத்துவிட்டன. கையாலாகாத நிலையை உயிர்கள் ‘கற்றுக்கொள்கின்றன’ என்று அப்போது முடிவு செய்தார்கள். சுமார் அரை நூற்றாண்டு கழித்து, மூளை ஆய்வுகளின் துணையோடு, 2016-ல் அதே இருவர் தங்கள் முடிவைத் திருத்தினார்கள். நீண்ட, கடும் துன்பத்தில் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது ‘இது என் கைக்குள் இருக்கிறது’ என்ற உணர்வைத்தான் என்றார்கள்.

இந்தத் திருத்தம் நமக்கு எவ்வளவு ஆறுதல் தருகிறது பாருங்கள். பெரிய அடி விழுந்தபின் ஒருவர் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் அவரைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ சொல்வதில் நியாயமே இல்லை. அவருக்கு அப்போது தேவை, செய்தால் உடனே பலன் தெரிகிற சிறிய வேலை ஒன்று. அந்தப் பெண் தினமும் ஒரு கணக்குப் பாடம் முடித்து அக்காவிடம் காட்டலாம். அப்பா படுத்தபடியே போனில் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ஆர்டர் எடுக்கலாம். வேலையின் அளவு முக்கியமே இல்லை. நான் செய்தேன், அதனால் ஒன்று நடந்தது என்ற தொடர்பை மூளை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது பணம். அதுபற்றி ஒரு ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடமே நடந்தது, 2013-ல் வெளியானது. கரும்புக்கு வெட்டு முடிந்த பிறகுதான் காசு வரும். அதனால் ஒரே விவசாயி வெட்டுக்கு முன் கையில் காசில்லாமலும், வெட்டுக்குப் பின் காசோடும் இருப்பார். அதே ஆட்களுக்கு இரண்டு சமயத்திலும் சிந்தனைத் திறன் சோதனைகள் கொடுத்தார்கள். காசில்லாத காலத்தில் மதிப்பெண் குறைந்தது. ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. நாளைய செலவை எப்படிச் சமாளிப்பது என்ற கவலையே சிந்தனைத் திறனில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ‘ஏழைகள் தொலைநோக்கோடு யோசிப்பதில்லை’ என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை எடுத்துச் சொல்லுங்கள். மீள்திறனுக்கு முதல் செங்கல் என்று நான் எதையாவது சொல்வதானால், இரண்டு வாரச் செலவுக்குக் கையிருப்பைத்தான் சொல்வேன். சீட்டோ, தபால் அலுவலகக் கணக்கோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் கவனம்: அவசரத்துக்கு எடுக்க முடிய வேண்டும், நடத்துபவர் நம்பகமானவராக இருக்க வேண்டும்.

இனி பெரிய ஆசை பற்றி. மீள்திறன் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இட்லிக்காரர் மறுபடி சைக்கிள் ஏறினால் கதை முடிந்தது. மகள் கலெக்டராக நினைப்பது என்ன ஆனது?

மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் கூர்மையான ஒரு கருத்து இருக்கிறது. ஆசைப்படுவதும் ஒரு திறன், அது சமுதாயத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை என்கிறார் அவர். வசதியானவர்கள் கையில் எதிர்காலத்தின் வரைபடம் விரிவாக இருக்கிறது. அவர்கள் அதை அடிக்கடி பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், எந்தத் தெரு எங்கே போகும் என்று மாமாவும் சித்தியும் நடந்தே காட்டியிருக்கிறார்கள். ஏழைகளிடமும் கனவு உண்டு. ஆனால் இப்போது நிற்கும் இடத்துக்கும் அந்தக் கனவுக்கும் நடுவில் உள்ள தெருக்கள் அவர்கள் வரைபடத்தில் குறைவு. நடந்து பார்க்க வாய்ப்புக் கிடைக்கக் கிடைக்க அது நிரம்பும்.

கலெக்டர் என்று சொல்லும் பெண்ணுக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? “நல்லா படிம்மா.” இதில் ஒரு தெருகூட இல்லை. கலெக்டராக எழுத வேண்டிய குடிமைப் பணித் தேர்வை, எந்தப் பட்டம் படித்தாலும் எழுதலாம். குறைந்தது 21 வயது ஆக வேண்டும். பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 32, ஆறு முறை எழுதலாம், மற்றப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், முதன்மைத் தேர்வில் ஆங்கில மொழித் தாள் தவிர மற்றவற்றுக்கு விடையைத் தமிழிலேயே எழுதலாம். இவ்வளவையும் ஒரு பத்தாவது பிள்ளைக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு தடங்கல் உண்டு. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததற்கான ஆதாரம் கேட்பார்கள். தாத்தா அதற்குப் பிறகு திருநெல்வேலியிலிருந்து வந்தவர் என்றால், பிள்ளை தாராவியிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் மாநிலத்தின் ஒதுக்கீடு எட்டாது. சாதிச் சான்றிதழுக்காக ஊரில் தாத்தா, அப்பா காலத்துச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் கடைசி நேரத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. பத்தாவதிலேயே தேட ஆரம்பிப்பதுதான் வழி. இதை அந்தக் குடும்பத்துக்கு யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

யார் சொல்வார்கள்? சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் காட்டிய ஒன்று இங்கே பொருந்தும். புதிய வேலை பற்றிய செய்தி நெருங்கியவர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாக அதிகம் வருகிறது. காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். விழும்போது பிடித்துக்கொள்ள நம் சந்து போதும். சொந்த ஊர்க்காரர்கள், கோவில் கமிட்டி, அத்தை, மாமா எல்லோரும் ஓடி வருவார்கள். ஏறுவதற்குச் சந்துக்கு வெளியே ஆள் வேண்டும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியின் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் எவ்வளவு நடக்கும்! இந்த நகரத்தில் அந்த இரண்டு தமிழுலகங்களுக்கும் நடுவில் ரயிலில் அரைமணி நேரத் தூரம்கூட இல்லை. ஆனாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது அபூர்வம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அப்பாதுரையின் அந்தச் சிந்தனை மும்பையின் குடிசைவாழ் மக்களின் அமைப்புகளைக் கூடவே இருந்து பார்த்ததில் விளைந்தது. அந்த அமைப்புகளின் நடுநாயகமாக இருந்தவர் நம்மவர், ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களில் தச்சு வேலை பார்க்க மும்பைக்கு வந்து மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் தங்கினார். குப்பை அள்ள மாநகராட்சி வராத அந்தக் காலனியில், பிள்ளைகளைத் திரட்டிக் குப்பையைச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தார். அதற்குப் பிறகு குப்பை அள்ளப்பட்டது. செய்தோம், ஒன்று நடந்தது!

பிறகு பெரிய அடி விழுந்தது. காலனியை காலிசெய்யச் சொன்னதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியும், நெருக்கடி நிலை காலத்தில் 1976-ல் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். தோல்விதான், அதை வேறு மாதிரி சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போராட்டத்தில் அற்புதம் கற்றவை அவரோடு இருந்தன: யாரிடம் மனுக் கொடுப்பது, எந்த அதிகாரிக்கு எந்த அதிகாரம், எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எப்படி என்று. அவர் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு நாடெங்கும் பரவியது. 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018-ல் காலமானார்.

அற்புதம் இயங்கிவந்த காலத்திலேயே, மும்பையின் பைகுல்லா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் 1986-ல் மகிளா மிலன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் சேலத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியும் இருந்தார். 1981-ல் அவருடைய குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வேலை தேடி அவர் மட்டும் மும்பைக்குத் திரும்பி வந்து, மறுபடி நடைபாதையில்தான் தங்கினார். பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று 1985 தீர்ப்பு சொன்னது. ஆனால் முறையாக அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது.

அந்த நிலையில் பைகுல்லாப் பெண்கள் என்ன செய்தார்கள்? தினமும் ஒன்றிரண்டு ரூபாயாகச் சேமித்தார்கள். கூடவே, தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று வரைந்து, மூங்கிலாலும் துணியாலும் முழு அளவு மாதிரி வீடு கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். கூரை பதினான்கு அடி உயரம் இருக்க வேண்டும், உள்ளே பரண்போல ஒரு மேல்தளம் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. மாதிரி வீட்டுக்குள் அதிகாரிகளை நடக்கவிட்டார்கள். நடைபாதையில் உறங்கும் ஒரு பெண், வருகிற அதிகாரியிடம் ‘சமையலறை இந்தப் பக்கம் இருந்தால்தான் வசதி’ என்று விளக்கும்போது, அவள் ஆசைப்படும் திறனைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள். பல ஆண்டுகள் கழித்து அவர்களில் பலர் மான்குர்த்தில் மிலன் நகரில் வீடு கட்டிக் குடிபோனார்கள்.

நம் பெண்ணுக்கு மாதிரி வீடு எது? பழைய வினாத்தாளை எடுத்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பார்ப்பது. ஒரு அரசு அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அப்பாவுக்காக ஒரு மனு எழுதுவது. இப்போதிருந்தே செய்யக்கூடியவை.

இலக்கு வைப்பதில் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் ஆய்வுகள்படி, ‘முடிந்தவரை செய்’ என்பதைவிடக் கடினமான, தெளிவான இலக்கு நல்ல பலன் தரும். ஆனால் வேலையே புதிது, வழியே தெரியாது என்றால், மதிப்பெண்ணைக் குறிவைக்காமல் கற்றுக்கொள்வதைக் குறிவைப்பது நல்லது. அடுத்தது பீட்டர் கோல்விட்சர் சொன்னது: ‘இப்படி ஆனால், இதைச் செய்வேன்’ என்று முன்பே வகுத்துக்கொண்டவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். ‘மழையில் டியூஷன் நின்றுபோனால், எட்டு மணிக்கு அக்கா வீட்டில் முந்தைய பாடத்தைத் திருப்பிப் படிப்பேன்.’ மும்பையில் ஜூனில் பள்ளி திறக்கும்போது மழையும் கூடவே வருகிறது. இப்படி ஒரு வாக்கியம் எழுதி ஒட்டிவைக்காமல் அந்த மழைக்காலத்தைக் கடப்பது கஷ்டம்.

விடாமுயற்சி பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். எட்டவே முடியாத ஒன்றை விட்டுவிட்டு வேறொரு இலக்கைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் மனதளவில் நன்றாக இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ராஷ் என்பவரின் ஆய்வுகள் காட்டின. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். விட்டால் மட்டும் போதாது. ஆறு முறையும் எழுதித் தோற்று, வயதும் போய், கையில் எதுவும் இல்லாமல் நிற்கும் இளைஞர்கள் உண்டு. அவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. முதல் முறை எழுதும் முன்பே, எத்தனை முறைக்குப் பிறகு வேறு பக்கம் திரும்புவேன், அந்த வேறு பக்கம் எது என்று வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது. மத்திய அரசின் பட்டதாரிப் பணித் தேர்வு, வங்கித் தேர்வு போன்றவற்றுக்குப் பொது அறிவு, நாட்டு நடப்பு போன்ற பகுதிகளை இதே படிப்போடு சேர்த்தே தயார் செய்யலாம்.

இடையில் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதை மன உறுதியால் சமாளிக்கச் சொல்லாதீர்கள். அது மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம். தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, மனநலப் பிரிவு அங்கே உண்டு. முதல் தடவை தனியாகப் போகத் தயங்குவார்கள். எதிர்வீட்டு அக்கா கூடப் போகலாம்.